எல்லாக் கேள்விக்கும் இல்லை

இருசம்மாளைச் சந்தேகக்காரி என்றுதான் ஊரில் சொல்வார்கள். கடையில் எண்ணெய் வாங்கினால் அங்கேயே மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். சாயங்காலப் பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் அது எங்கோ கவிழ்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவாள். திருநாவலூரில் கட்டிக்கொடுத்த மகளிடமிருந்து கடிதம் வந்தால் உடனே பிரிக்க மாட்டாள். நல்ல சேதியாக இருந்தால் எதற்கு எழுதப் போகிறாள் என்று நினைப்பாள். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, மூன்றாம் நாள் பிரிப்பாள். உள்ளே பேரனுக்குப் பல் முளைத்த கதை இருக்கும்.

நைனார்பாளையத்துக்கு மேற்கே, வயலுக்கு நடுவில் அவர்கள் காட்டுக்கொட்டாய். மூன்று ஏக்கர் நிலம், ஒரு கிணறு. மரவள்ளியும், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுவார்கள். கணவன் சுப்புராயன் அதிகம் பேசாத மனிதன். அடுத்த கொட்டாயில் அவனுடைய அண்ணன் மனைவி அமிர்தம் இருந்தாள்.

நாற்பது வயது ஆவதற்குள் இருசம்மாள் பார்க்காத வைத்தியம் இல்லை. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கை நடுங்கும். சோறு இறங்காது. சின்னசேலத்தில் ஊசி போட்டுக்கொண்டாள். மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டாள். ஒருமுறை கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்றார். அன்றிலிருந்து அந்த டாக்டர் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு அடித்துக்கொள்ளும் நெஞ்சை நன்றாக இருக்கிறது என்றால், அவர் எதையோ மறைக்கிறார் என்றுதானே அர்த்தம்?

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ஒரு வாரம் சாலை மறியல். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு லாரிகூட நகரவில்லை. இங்கே சேலம் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். சுப்புராயனும் போயிருந்தான். அவன் கோடாலியைத் தொடவில்லை. சாய்க்கிற மரத்துக்குக் கட்டிய கயிற்றைப் பத்துப் பேரோடு சேர்ந்து பிடித்திருந்தான், அவ்வளவுதான். வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு, சாவு என்று சேதி வர வர, ஊர் ஒடுங்கிப்போனது. அதற்கப்புறம் வேன் வேனாகப் போலீஸ் வந்தது. மரம் வெட்டியவர்களை யாரோ போட்டோ எடுத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் எடுத்தது, யார் பார்த்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பேச்சு வந்த அன்றே சுப்புராயன் இரண்டு வேட்டியை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டான். மலையில் கரியாலூருக்கு உள்ளே தள்ளி, கடுக்காய் வியாபாரத்தில் பழகிய ஒரு குடும்பம் இருந்தது. அவர்களோடு சாமை அறுத்துக்கொண்டு தங்கிவிட்டான்.

கேட்டவர்களிடமெல்லாம் இருசம்மாள் ஒரே பதிலைச் சொன்னாள்.

"பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கறாரு."

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒருவன் சைக்கிளில் வந்து இறங்கினான். காக்கிப் பேண்ட், தோளில் தோல் பை. இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். காக்கியைப் பார்த்ததும் போலீஸ் என்றே இருசம்மாள் முடிவு கட்டினாள்.

"சுகாதார நிலையத்துலேர்ந்து வர்றேங்க. பேரு தங்கதுரை. புதுசா மாத்திக்கினு வந்திருக்கறேன்" என்றான். "ஒரு பதினஞ்சு கேள்விங்க. வூட்டுக்கு ஒருத்தர்கிட்ட கேக்கணும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டருங்க கேக்கச் சொல்லியிருக்கறாங்க."

கொட்டாய்க்குள் கூப்பிட்டுக் கயிற்றுக் கட்டிலைக் காட்டினாள். உட்காரும் முன் அவன் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அதையும் அவள் கவனித்தாள். சத்தம் கேட்டு அமிர்தமும் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"வூட்டுக்காரரு எங்கங்க?"

"பெங்களூரு."

எழுதிக்கொண்டான். பிறகு ஒரு அச்சடித்த தாளை எடுத்துப் படித்தான். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பதில். இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், ஏறக்குறைய தினமும்.

"போன ஒரு மாசத்துல, மனசு பதட்டமா, நிலைகொள்ளாம இருந்ததுண்டாங்க?"

"இல்ல."

"ஏதோ கெட்டது நடக்கப் போவுதுன்னு பயமா இருந்ததுண்டா?"

"எனக்கு இன்னாத்துக்குப் பயம்? இல்ல."

"கவலைப்படறத நிறுத்தணும்னு நெனச்சும் நிறுத்த முடியாம போனதுண்டா?"

அமிர்தம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல" என்றாள் இருசம்மாள்.

தூக்கம் கெடுகிறதா, கை நடுங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, ஒரே இடத்தில் உட்கார முடியவில்லையா, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே போனான். எல்லாக் கேள்விக்கும் இல்லை. அவள் முழங்காலின் மேல் வைத்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.

எழுந்து சைக்கிளைத் திருப்பியவனிடம் கேட்டாள். "இங்க மட்டும்தான் கேக்குறீங்களா?"

"இல்லீங்க. மலையிலயும் உண்டு. வியாழன், வெள்ளி ரெண்டு நாளு கரியாலூர் பக்கம். இங்கத்த விட அங்க நடக்கறதுதான் ஜாஸ்தி."

அவன் போன பிறகு இருசம்மாள் அடுப்பு மூட்டவில்லை. கேட்டதெல்லாம் அவளைப் பற்றியே கேட்டது போல இருந்தது. கை நடுங்குவது இவனுக்கு எப்படித் தெரியும்? கவலையை நிறுத்த முடியாதது எப்படித் தெரியும்? அதை அவள் சுப்புராயனிடம்கூடச் சொன்னதில்லை. யாரோ பார்த்திருக்கிறார்கள். பார்த்து, சொல்லியிருக்கிறார்கள். புருஷன் ஒளிந்திருக்கிற பொம்பளைக்குத்தான் நெஞ்சு படபடக்கும், படபடக்கிற வீட்டைக் கண்டுபிடித்தால் போதும், அப்புறம் மலைக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டு ஆளைப் பிடித்துவிடலாம். போலீஸ் இப்படி நூதனமாக வேலை செய்கிறது என்று அவள் தீர்மானித்தாள்.

முதல் சந்தேகம் அமிர்தத்தின் மேல் விழுந்தது. ஆனால் அமிர்தத்தின் புருஷனும் மறியலுக்குப் போனவன்தான். அவள் எப்படிக் காட்டிக்கொடுப்பாள்? அடுத்தது குஞ்சம்மாள்.

குஞ்சம்மாள் காலனியிலிருந்து களை எடுக்க வருகிறவள். நிலம் கிடையாது, நாள் கூலி. மறியல் நடந்த வாரம் காலனி ஆட்கள் வேலைக்கு வர முடியவில்லை. அங்கேயும் பயம் இருந்தது, அது வேறு விதமான பயம். அப்போதிருந்து வயலில் இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்துபோயிருந்தது. மறுநாள் மல்லாட்டைக் கொல்லையில் இருசம்மாள் அவள் முன்னால் போய் நின்றாள்.

"சைக்கிள்ல ஒருத்தன் வந்தானே, அவன்கிட்ட இன்னா சொன்ன?"

களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் குஞ்சம்மாள் நிமிர்ந்தாள். "நான் கேக்கணும்னு இருந்தத நீங்க கேக்குறீங்க. நீங்கதாம்மா என்னப் பத்திச் சொல்லி வுட்டுட்டீங்கன்னு நெனச்சிக்கினு இருக்கறேன்."

"நானா?"

"பின்ன ஆரு? எனக்கு நெஞ்சு அடைக்குதுன்னு உங்க கிணத்தாண்டதான் ஒரு தபா உக்காந்துட்டேன். வந்து அதையே கேக்கறான். கை நடுங்குதா, தூக்கம் வருதான்னு வேற."

"உனக்குமா அதக் கேட்டான்?"

"எங்க தெரு முச்சூடும் அதேதான். எல்லாருமே இல்லைன்னுட்டோம்."

இருசம்மாளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை.

பத்து நாள் கழித்துத் தங்கதுரை மறுபடி வந்தான். இந்த முறை வேட்டி கட்டியிருந்தான். அமிர்தம் சந்தைக்குப் போயிருந்தாள். இருசம்மாள் கிணற்றடி மோட்டார் கொட்டாயில் இருந்தாள்.

"அக்கா, உங்க ஊரு தாள எல்லாம் டாக்டரம்மா என் மூஞ்சிலயே தூக்கிப் போட்டுட்டாங்க" என்றான். "ஒரு ஊர் முழுக்க ஒருத்தருக்கும் ஒரு நாளும் கவலையே இல்லையான்னு கேட்டாங்க. அதுவும் இந்த வருஷத்துல! நீ எப்பிடிய்யா கேட்டன்னாங்க. காக்கிய மாட்டிக்கினு, பக்கத்து வூட்டு ஆளுங்கள வச்சிக்கினு கேட்டேன்னு சொன்னேன். செம திட்டு."

அவள் சிரிக்கவில்லை.

"இப்போ பேரு எழுதப் போறதில்ல. நம்பரு மட்டுந்தான். படிக்கத் தெரிஞ்சவங்க அவங்களே டிக் போட்டுக் குடுக்கலாம். தெரியாதவங்களுக்கு ஆளில்லாத எடத்துல வச்சிப் படிச்சிச் சொல்லுவேன்."

"நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ" என்றாள் இருசம்மாள். "இந்த நம்பரு என்னுதுன்னு உன் நோட்டுல இருக்குதில்ல?"

"இருக்குது."

"அப்போ பேரு எழுதுன மாதிரிதான்."

அவன் நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினான். நாற்பத்தொன்று என்ற எண்ணுக்கு எதிரே அவள் பெயர் இருந்தது. அதைப் பேனாவால் நன்றாக அடித்து, கீழே இருக்கும் எழுத்து தெரியாதபடி மை பூசினான். "இப்போ அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எந்தெந்த நம்பரு டாக்டரப் பாக்கணும்னு பால் சொசைட்டி போர்டுல எழுதுவேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

தாளை வாங்கிக்கொண்டு அவனை வரப்பில் காத்திருக்கச் சொன்னாள். மோட்டார் கொட்டாய்க்குள் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். மேலிருந்து கீழே ஒருமுறை, மறுபடி ஒருமுறை. அப்போதுதான் ஒன்று தட்டுப்பட்டது. பயப்படுகிறாயா என்று கேட்ட தாள், எதற்குப் பயப்படுகிறாய் என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. யார், எங்கே, ஏன் என்ற கேள்வியே அதில் இல்லை. எத்தனை நாள் என்று மட்டும்தான் கேட்டது. போலீஸ்காரனுக்கு எத்தனை நாள் என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது?

ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் எடுத்துக்கொண்டாள். பதினைந்தில் பன்னிரண்டுக்கு 'ஏறக்குறைய தினமும்' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. கொடுக்கும்போது தாளை நான்காக மடித்துக் கொடுத்தாள்.

அந்த வாரம் பால் சொசைட்டி கரும்பலகையில் எட்டு எண்கள் இருந்தன. நாற்பத்தொன்று மூன்றாவதாக இருந்தது. புதன்கிழமை கள்ளக்குறிச்சியில், வெளியூர் டாக்டர் வருகிற நாள்.

போகலாமா வேண்டாமா என்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒரு நீளமான தாழ்வாரம், இரண்டு பெஞ்சு. எத்தனை வாசல் இருக்கிறது என்று முதலில் பார்த்துவைத்துக்கொண்டு, தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நர்ஸ் ஒருத்தி சீட்டுகளைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அய்யனார்! கரியாலூர் அய்யனார் ஆருங்க?"

கடைசி பெஞ்சிலிருந்து போர்வை போர்த்திய ஒரு ஆள் எழுந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, இளைத்திருந்தான். நடக்கும் விதத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. அது சுப்புராயன்.

எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. யார் பக்கம் ஓடுவது? புருஷனையும் பெண்டாட்டியையும் ஒரே நாளில், ஒரே இடத்துக்கு வரவழைத்திருக்கிறார்கள். வலை விரித்தாயிற்று. வாசலைப் பார்த்தாள். போலீஸ் யாரும் தெரியவில்லை. உள்ளே ஒளித்து வைத்திருப்பார்கள். அதற்குள் சுப்புராயன் அவளைப் பார்த்துவிட்டான். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான். அவளைப் பிடித்துவைத்துத் தன்னை அடையாளம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவன் நினைத்தானாம், பிறகு சொன்னான்.

கையில் ஃபைலோடு தங்கதுரை வந்தான். இருசம்மாள் போய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"எங்க ரெண்டு பேத்தையும் புடிச்சிக் குடுக்கத்தான் இத்தினி நாடகமா? நம்பரு, மை, எல்லாம் இதுக்குத்தானா?"

"அக்கா, மெதுவா பேசுங்க" என்றான் தங்கதுரை. சட்டையை விடுவித்துக்கொள்ள அவன் முயலவில்லை. "பொங்கலுக்கு முன்னாடியே மலையில இவரப் பாத்தேன். பேச்சு மலைப் பேச்சு இல்ல, கீழ்நாட்டுப் பேச்சு. பேரு அய்யனாருன்னாரு. எழுதிக்கினு வந்துட்டேன். அப்புறம் உங்க வூட்டுச் சுவத்துல போட்டோவப் பாத்தேன். அன்னைக்கே தெரியும். புடிச்சிக் குடுக்கணும்னா அன்னைக்கே குடுத்திருப்பேன் இல்லீங்களா? ரெண்டு பேருக்கும் மார்க் ஜாஸ்தி. டாக்டரு வர்றது புதன் மட்டும்தான். நான் இன்னா பண்றது?"

அவள் கை தளர்ந்தது. இரண்டு வாரத்துக்கு மேலாக இவன் வாயைத் திறக்கவில்லை என்பதை நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

டாக்டர் ஒரு அம்மா. கண்ணாடி போட்டவர், தலை பாதி நரைத்தவர். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மேசை மேல் இரண்டு தாளும் இருந்தன. மலையில் பொய்ப்பேரில் இருந்ததால் சுப்புராயன் கேள்விகளுக்கெல்லாம் உண்மையைச் சொல்லியிருந்தான். அய்யனாருக்குப் பயமாக இருப்பதில் யாருக்கு என்ன? அந்தப் பேரை நம்பித்தான் ஆஸ்பத்திரிக்கும் மலை இறங்கி வந்திருந்தான்.

"இந்தத் தாள் நோய் இருக்குன்னு சொல்லாதும்மா" என்றார் டாக்டர் இருசம்மாளிடம். "யாரைக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசணும்னு மட்டும்தான் சொல்லும். மீதியை நான் உங்ககிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். இந்தப் படபடப்பு மறியலுக்கு அப்புறம் வந்ததா?"

"இல்லீங்க. அதுக்கு முன்னாடியே."

"எத்தனை வருஷமா?"

யோசித்துப் பார்த்தாள். ஆரம்பம் என்று ஒரு இடம் கிடைக்கவில்லை. மகள் வயிற்றில் இருந்தபோது இருந்தது. அதற்கு முன்பும் இருந்ததோ என்னவோ. "ரொம்ப வருஷமாங்க. அது இல்லாம எப்பிடி இருந்தேன்னு ஞாபகமில்ல" என்றாள். அதைச் சொன்னதும், தான் நினைக்காமலே கண்ணில் நீர் வந்துவிட்டது.

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், இதயத்தையும் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றுதான் இவரும் சொன்னார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "இதயம் நல்லா இருக்குன்னா உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்ல. இது கவலை நோய். நிஜமான நோய்தான். நீங்க கற்பனை பண்ணல."

சுப்புராயனிடம் டாக்டர் வேறு ஒன்றைக் கேட்டார். "உங்க பேர்ல கேஸ் இருக்குன்னு யார் சொன்னாங்க?"

"போட்டோ எடுத்திருக்காங்கங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"யாராவது வக்கீலை விட்டுக் கேட்டுப் பாத்தீங்களா?"

யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்கப் போனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். அந்த வாரமே அமிர்தத்தின் புருஷன் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலைப் பிடித்துக் கேட்டான். மரம் வெட்டிய வழக்கில் சுப்புராயன் என்ற பெயரே இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கூடக் கயிறு பிடித்த இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள், அது உண்மை. இவனைத் தேடி ஒருவரும் கிளம்பவில்லை. நான்கு மாசம் இல்லாத வழக்குக்கு அஞ்சி மலையில் கிடந்திருக்கிறான்.

அவன் வீட்டுக்கு வந்தான். முதல் வாரம் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நின்றான். இரண்டாவது வாரம் எழுந்திருக்கவில்லை. மாசி பாதியானபோது பழையபடி குறட்டை விட்டான். அடுத்த முறை டாக்டர் அதே தாளைக் கொடுத்தபோது அவனுக்கு எல்லாமே 'இல்லை' என்று வந்தது, இந்த முறை நிஜமாகவே.

இருசம்மாளுக்கு அப்படி ஆகவில்லை. புருஷன் பக்கத்தில் இருக்கிறான், வழக்கு இல்லை, மகள் நன்றாக இருக்கிறாள். ஆனாலும் விடியும்போது நெஞ்சு அடித்துக்கொண்டுதான் விழித்தாள். கயிற்றுக் கட்டிலில் தூங்கும் அவனைப் பார்த்தபோதுதான் தாளைப் பற்றி டாக்டர் சொன்னது அவளுக்கு முழுசாகப் புரிந்தது. ஒரே தாளில் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே மார்க் வந்திருந்தது. அவனுடைய பயம் வந்த வழியே போய்விட்டது. இவளுடையது எங்கிருந்தும் வரவில்லை, அதனால் போவதற்கும் வழி தெரியாமல் உள்ளேயே இருந்தது.

மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரம் தொடவில்லை. பைத்தியக்காரிக்குக் கொடுக்கிற மாத்திரையோ என்று சந்தேகம். அடுத்த புதன் டாக்டரிடம் அதை நேராகவே கேட்டாள்.

"சந்தேகமா இருந்தா கேளுங்க, தூக்கிப் போடாதீங்க" என்றார் டாக்டர். எந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளில் பலன் தெரியும், எதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடப் பழக்கினார். கவலை வரும்போது அதை ஓட்டப் பார்க்காமல், சாயங்காலம் அரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்கி உட்கார்ந்து கவலைப்படச் சொன்னார். இது வேடிக்கையான வைத்தியமாகத் தோன்றினாலும் செய்து பார்த்தாள்.

குஞ்சம்மாளுடைய எண்ணும் பலகையில் இருந்தது என்று பங்குனியில்தான் தெரிந்தது. புதன்கிழமை போனால் வேலை கெடும் என்று அவள் போகவில்லை. "நாளைக்குக் களை வேணாம், என்கூட வா" என்றாள் இருசம்மாள். குஞ்சம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எதற்குக் கூப்பிடுகிறாள் என்ற சந்தேகம் முகத்தில் அப்படியே இருந்தது. ஆனாலும் காலையில் பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தாள். இருவரும் ஒரே சீட்டில் உட்காரவில்லை. திரும்பி வரும்போது உட்கார்ந்தார்கள்.

ஒரு வருஷத்தில் இருசம்மாளின் மாத்திரை குறைந்து நின்றது. முழுசாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. எண்ணெய் மூடியை இன்னும் திறந்துதான் பார்த்தாள். தங்கதுரை வீட்டுக்கு வந்தால் போட்டோ மாட்டிய சுவர்ப் பக்கம் முதுகு காட்டி உட்காரவைத்தாள். ஆனால் மகளின் கடிதத்தை வந்த அன்றே பிரித்தாள். எண்பத்தொன்பதில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு இருபது சதவீதம் என்ற அறிவிப்பு வந்தபோது ஊரில் வெடி போட்டார்கள். வெடிச் சத்தத்துக்கு அவள் திடுக்கிட்டாள், எல்லாரையும் போல.

அந்த வருஷம் ஆடியில், தன்னை வைத்துச் சோறு போட்ட குடும்பத்தைப் பார்க்க சுப்புராயன் மலைக்குப் புறப்பட்டான். "நானும் வர்றேன்" என்றாள். அவன் நம்பவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதும் பஸ் வளைவுக்கு வளைவு ஒரு பக்கம் சாய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே தரையே தெரியவில்லை. இருசம்மாள் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டிரைவர் கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தூங்குகிறாரா என்று.

"எறங்கிடலாமா?" என்று கேட்டான் சுப்புராயன்.

"வேணாம். பயமாத்தான் இருக்குது" என்றாள். "ஓட்டச் சொல்லு."

கரியாலூரில் இறங்கியபோது புடவை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. குளிர்ந்த காற்று. சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை போனது. இன்னும் இரண்டு மைல் நடக்க வேண்டும் என்றான் அவன். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.